ஹாங்காங் மலைப்பாதைகள்: டாக்ஸி இல்லாமல் பேருந்திலேயே போய் வருவது எப்படி?

#1 தென்காற்று

வணக்கம். நவம்பர் கடைசியில் ஹாங்காங் வருகிறோம், தங்கல் ஜோர்டன் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்க நேரம் கிடைக்கும். கார் கிடையாது, டாக்ஸியும் முடிந்தவரை வேண்டாம் என்று பார்க்கிறோம். நானும் தம்பியும் 15 கிலோமீட்டர் வரை தாராளமாக நடப்போம். அப்பாவுக்கு 68 வயது. ஒரு நாள் அவரையும் கூட்டிப்போக ஆசை, ஆனால் படி ஏறமாட்டார். டிராகன்ஸ் பேக், மெக்லஹோஸ் நெடும்பாதையின் இரண்டாம் பகுதி, லான்டாவ் சிகரம் என்று மூன்று பெயர்கள் எல்லா இடத்திலும் வருகின்றன. மெட்ரோவும் பேருந்தும் மட்டும் வைத்து இவற்றுக்குப் போய் வர முடியுமா?

#2 சாய்குங்வாசி

தாராளமா முடியும். ஆனா ஒண்ணு, எங்க ஏறுறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எங்க இறங்குறதுன்னு முடிவு பண்ணுங்க. காலையில கூட்டம் ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை பிரிஞ்சு பிரிஞ்சு போகும், அதனால போற பஸ்ஸில் இடம் கிடைச்சிடும். நவம்பர் கடைசியில சூரியன் 5:40-க்கெல்லாம் மறையும். அதுக்குள்ள இறங்கணும்னு அத்தனை பேரும் நாலு மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவுல ரோட்டுக்கு வந்து நிப்பாங்க. வழியில இருக்கிற நிறுத்தத்துல நின்னா, நிரம்பின பஸ் நிக்காமலே போயிடும்.

அதனால ஞாயிற்றுக்கிழமைக்கு என் கணக்கு இதுதான்: பஸ் எங்கிருந்து கிளம்புதோ அந்த இடத்துல நடையை முடிங்க. வரிசை நீளமா இருந்தாலும் நகரும்.

டிராகன்ஸ் பேக் முதல் நடைக்கு நல்லது. மெட்ரோவில் ஷாவ் கெய் வான், ஏ3 வாசல் வழியா வெளியே வந்தா பேருந்து நிலையம். 9-ஆம் எண் பஸ். டோ டெய் வான் நிறுத்தத்துல இறங்கணும், அங்கேயே வரைபடப் பலகை இருக்கு. இது ஹாங்காங் பாதையோட எட்டாவது பகுதி, 8.5 கி.மீ. ஆரம்பத்துல மட்டும் ஏத்தம், அப்புறம் முதுகுத்தண்டு மாதிரி மேடும் பள்ளமுமா போகும். உச்சம் ஷெக் ஓ பீக், 284 மீட்டர்தான். அதைத் தாண்டினா ரொம்ப தூரம் மர நிழல்ல கிட்டத்தட்ட சமதளம். கடைசியா பிக் வேவ் பே கடற்கரைக்கு இறக்கம்.

முடிவுலதான் எல்லாரும் மாட்டுவாங்க. பிக் வேவ் பேயில் மினிபஸ் உண்டு, ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரிசை கடற்கரை வரைக்கும் நிக்கும். கால் வலிக்கலைன்னா ரோட்டோரமா ஷெக் ஓ கிராமத்துக்கே நடந்துடுங்க. 9-ஆம் எண் அங்கிருந்துதான் கிளம்புது, உக்காந்தே வரலாம்.

#3 படிக்கட்டு

லான்டாவ் சிகரத்துக்கு (934 மீட்டர்) சாய்குங்வாசி சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும்.

துங் சுங் மெட்ரோ வாசலில் 3எம் பேருந்து, மூய் வோ போவது. பாக் குங் ஆவ் நிறுத்தத்தில் இறங்குங்கள். இது இரண்டு பெரிய மலைகளுக்கு நடுவிலுள்ள கணவாய். ஒரு பக்கம் சன்செட் பீக் (869 மீட்டர்), மறுபக்கம் லான்டாவ் சிகரம். நிறுத்தம் கணவாயின் உச்சியிலேயே இருப்பதால் முந்நூறு மீட்டருக்கு மேல் பேருந்தே ஏற்றிவிட்டிருக்கும். மீதி ஏற்றம் சுமார் 600 மீட்டர். லான்டாவ் பாதையின் மூன்றாம் பகுதி நொங் பிங் வரை 4.5 கி.மீ.தான். இந்தக் குறைந்த தூரத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். முழுக்கக் கல்படி, படிகளின் உயரமும் ஒரே சீராக இருக்காது. நல்ல வேகத்தில் போனாலும் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

நொங் பிங்கில் பெரிய புத்தர் சிலையும் போ லின் மடமும் இருக்கின்றன. மடத்தில் சைவச் சாப்பாடு கிடைக்கும். கறி மீன் சாப்பிடாதவர்களுக்கு ஹாங்காங் மலைப்பக்கத்தில் இவ்வளவு கவலையில்லாத இடம் வேறு இல்லை. அங்கிருந்து 23-ஆம் எண் பேருந்து துங் சுங்குக்குக் கிளம்புகிறது. கேபிள் காரும் உண்டு, 5.7 கி.மீ., சுமார் 25 நிமிடம். ஆனால் காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள், பராமரிப்புக்கும் சில நாட்கள் மூடுவார்கள். அதை மட்டும் நம்பி மேலே போகாதீர்கள். லான்டாவ் பேருந்துகளில் ஞாயிறு, பொது விடுமுறைக் கட்டணம் மற்ற நாட்களைவிட அதிகம், ஆக்டோபஸ் அட்டையில் (பேருந்து, மெட்ரோ எல்லாவற்றுக்கும் தட்டும் கட்டண அட்டை) பணம் இருக்கட்டும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. நொங் பிங் பக்கத்துச் சரிவுதான் செங்குத்து. அதை இறங்குவதைவிட ஏறுவது மூட்டுக்கு நல்லது. அவர்கள் 23-இல் நொங் பிங் போய், அங்கிருந்து ஏறி பாக் குங் ஆவ் பக்கம் இறங்கலாம்.

#4 சாய்குங்வாசி

> அவர்கள் 23-இல் நொங் பிங் போய், அங்கிருந்து ஏறி பாக் குங் ஆவ் பக்கம் இறங்கலாம்.

சாதாரண நாள்னா சரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாக் குங் ஆவ்ல நின்னா? 3எம் மூய் வோவிலிருந்து கடற்கரை கும்பலை எல்லாம் ஏத்திக்கிட்டு வரும். நவம்பர்ல சன்செட் பீக்ல நாணல் பூக்குற நேரம் வேற, அந்தக் கூட்டமும் அதே நிறுத்தத்துக்குத்தான் இறங்கும். முழங்காலைக் காப்பாத்தி ரோட்டுல ஒரு மணி நேரம் நிக்கணும்.

#5 படிக்கட்டு

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதற்கும் வழி உண்டு. மதியம் ஒன்றரைக்குள் பாக் குங் ஆவ் வந்துவிட்டால் பேருந்து காலியாகவே வரும். காலை எட்டு மணிக்கு நொங் பிங்கில் இருந்தால் இது சுலபம். வலியுள்ள முழங்காலோடு அந்தப் படிகளை இறங்குவதுதான் உண்மையான ஆபத்து. கைத்தடி இருந்தால் நுனிக்கு ரப்பர் மூடி போடுங்கள், வெறும் இரும்பு நுனி கல்படியில் வழுக்கும்.

#6 தென்காற்று

ரொம்ப நன்றி. முழங்கால் எங்கள் இருவருக்கும் பிரச்சினை இல்லை, அதனால் பாக் குங் ஆவிலிருந்து நொங் பிங்குக்கே போகிறோம். மெக்லஹோஸ் இரண்டாம் பகுதி பற்றி யாராவது சொல்ல முடியுமா? அணைக்கட்டு வரை டாக்ஸி இல்லாமல் போக முடியாது என்று ஒரு இடத்தில் படித்தேன்.

#7 வரைபடம்

முடியும், ஆனால் கிழமை முக்கியம்.

முதலில் சாய் குங் ஊருக்கு வர வேண்டும். டயமண்ட் ஹில்லிலிருந்து 92 பேருந்து, அல்லது சோய் ஹுங்கிலிருந்து 1ஏ மினிபஸ். சாய் குங்கிலிருந்து 94 பேருந்து பாக் டாம் சுங், பாக் டாம் ஆவ் வழியாக வோங் ஷெக் படகுத்துறை வரை போகிறது. ஞாயிறு, பொது விடுமுறைகளில் டயமண்ட் ஹில்லிலிருந்தே நேராக 96ஆர் உண்டு, சாய் குங்கில் மாற வேண்டியதில்லை.

பாக் டாம் சுங்கில் தனியார் வண்டிகளுக்குத் தடுப்பு இருக்கிறது. அங்கிருந்து ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் கிழக்கு அணைக்கு 9ஏ பச்சை மினிபஸ் ஓடும். இது வார நாட்களில் வராது, நீங்கள் வருவது ஞாயிறு என்பதால் கவலை இல்லை. நேர அட்டவணையை மட்டும் முந்தின நாள் இரவு போக்குவரத்துத் துறையின் ஈமொபிலிட்டி செயலியில் பார்த்துவிடுங்கள். மினிபஸ்ஸில் 19 இருக்கை, நின்றுகொண்டு போக அனுமதி இல்லை. வரிசையில் உங்களுக்கு முன்னால் நாற்பது பேர் என்றால் மூன்றாவது வண்டியில்தான் இடம். ஒன்பது மணிக்கு முன் அங்கே இருப்பது நல்லது.

மினிபஸ் கிடைக்காவிட்டால் நடந்தே அணைக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். அது முதல் பகுதி: பாக் டாம் சுங்கிலிருந்து லாங் கே வரை 10.6 கி.மீ., பெரும்பாலும் தார் சாலை, நிழல் குறைவு. அதோடு இரண்டாம் பகுதியின் 13.5 கி.மீ. சேர்ந்தால் மொத்தம் 24.1. நவம்பர் வெளிச்சத்துக்கு அது கட்டாது.

கிழக்கு அணையில் இறங்கியதும் ஓடாதீர்கள். சுமார் 14 கோடி ஆண்டுக்கு முந்தைய எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான அறுகோணத் தூண்கள் அங்கே சாலையோரத்திலேயே நிற்கின்றன. கையால் தொட்டுப் பார்க்கும் தூரம். ஒரு இடத்தில் தூண்கள் அப்படியே எஸ் வடிவில் வளைந்திருக்கும், பாறை முழுதும் இறுகுமுன் நகர்ந்ததால் வந்த வளைவு. அரை மணி நேரம் கொடுக்கத் தகுந்த இடம்.

பாதை: அணை, லாங் கே கடற்கரை, பிறகு சாய் வான் ஷான் (314 மீட்டர்). அன்றைய நடையில் உண்மையான ஏற்றம் இதுதான், நிழலே இல்லை, காலையிலேயே முடித்துவிடுங்கள். அடுத்து சாய் வான், ஹாம் டின் கடற்கரைகள். இரண்டிலும் வார இறுதியில் சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்கும். அப்புறம் ஒரு மேடு தாண்டி செக் கெங், கடைசியாக பாக் டாம் ஆவ் ஏற்றம். பாதையோரத்தில் எண் போட்ட தூரக்கம்பங்களில் எம்048 வந்தால் சாலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

#8 நீர்க்குடுவை

தண்ணீர்க் கணக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் பகுதிக்கு நவம்பரில் ஆளுக்கு 2 லிட்டர் போதும், சாய் வானில் நிரப்பிக்கொள்ளலாம். இதே பாதைக்கு ஜூலையில் வந்தால் 3 முதல் 4 லிட்டர். அப்போதுகூட நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெப்பத்தோடு ஈரப்பதமும் சேரும்போது வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. இங்கே கோடையில் மயங்கி விழுபவர்கள் பெரும்பாலும் தண்ணீர் கையில் இருந்தும் விழுந்தவர்கள்தான். உப்புச் சத்து உள்ளே போகாமல் வெறும் தண்ணீரை மட்டும் குடிப்பதும் ஒரு காரணம்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், மதியம் வரை கெடாது. ஆனால் பொட்டலக் காகிதம், தோல், டிஷ்யூ எல்லாம் திரும்பப் பையில் வர வேண்டும். வனப்பூங்காப் பாதைகளில் இருந்த குப்பைத் தொட்டிகளை 2017 முடிவுக்குள் எடுத்துவிட்டார்கள். தொட்டி தேடி அலையாதீர்கள், புதருக்குள் திணித்துவிட்டுப் போகும் ஆட்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

#9 சாய்குங்வாசி

பாக் டாம் ஆவ் வழியில இருக்கிற நிறுத்தம், அதைச் சொல்லியே ஆகணும். 94-ம் 96ஆர்-ம் வோங் ஷெக்லயே நிரம்பி வந்துடும். நாலரை மணிக்கு அங்க ரெண்டு பஸ் நிக்காம போறது சகஜம்.

செய்ய வேண்டியது: ரோட்டைக் கடந்து எதிர்த்திசை நிறுத்தத்துக்குப் போங்க. வோங் ஷெக் போற பஸ் சாயங்காலம் காலியா வரும். அதுல ஏறி கடைசி நிறுத்தமான படகுத்துறைக்குப் போய், அங்க வரிசையில நின்னு உக்காந்து திரும்புங்க. கூடுதல் காசு கொஞ்சம்தான். ஒரு மணி நேரம் ரோட்டோரம் நிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

#10 வரைபடம்

நல்ல வழி. இன்னொன்று, பாதியில் முடிக்க வேண்டி வந்தால்: சாய் வானிலிருந்து கான்கிரீட் பாதையில் சுமார் ஒரு மணி நேரம் நடந்தால் சாய் வான் மண்டபம். அங்கிருந்து 29ஆர் கிராம வண்டி சாய் குங் ஊருக்குப் போகும். தடவைகள் குறைவு, கடைசி வண்டி நேரத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில்லறையும் வையுங்கள். கடல் அமைதியாக இருந்தால் சாய் வான், ஹாம் டின் கடற்கரையிலிருந்து விரைவுப் படகு சாய் குங்குக்கு ஓடும். வடகிழக்குக் காற்று வலுத்தால் அதுவும் இருக்காது.

காலையில் 9ஏ வரிசையைப் பார்த்து மனம் தளர்ந்தாலும் இதே 29ஆர்தான் மாற்று வழி. சாய் வான் மண்டபத்திலிருந்து தொடங்கினால் லாங் கேயும் அந்தப் பெரிய ஏற்றமும் போய்விடும், ஆனால் சாய் வான், ஹாம் டின் கடற்கரைகள் இரண்டும் கிடைத்துவிடும்.

ஹாம் டின்னிலிருந்து பார்த்தால் கூரான ஒரு மலை தெரியும், ஷார்ப் பீக், 468 மீட்டர். அது இரண்டாம் பகுதியில் சேராது. படம் பார்த்து ஆசைப்பட்டு ஏறுகிறார்கள். மேல்பகுதி முழுக்க உதிர்ந்த பாறைப்பொடி, இறங்கும்போது கோலிக்குண்டு மேல் நடப்பது போல் கால் ஓடும். முதல் முறை வருபவர்கள், அதுவும் சாயங்காலத்தில், அந்தப் பக்கம் போக வேண்டாம். கவுலூன் பீக்கில் உள்ள ‘சூசைட் கிளிஃப்’ பாறைக்கும் இதையே சொல்வேன். அங்கே பராமரிக்கப்பட்ட பாதை கிடையாது, அதனால் வழிகாட்டிப் பலகையும் கிடையாது.

#11 மேகமலை

யாரும் தாய் மோ ஷான் பேச்சே எடுக்கவில்லையே! ஹாங்காங்கின் மிக உயரமான மலை, 957 மீட்டர், ஜோர்டனிலிருந்து ஒரே மெட்ரோ வரியில் சுன் வான் போய்விடலாம்.

சுன் வானிலிருந்து 51-ஆம் எண் பேருந்து ரூட் ட்விஸ்க் சாலை வழியாகப் போகும். மேட்டுக்கு வந்ததும் வனப்பூங்கா நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து மெக்லஹோஸ் எட்டாம் பகுதியைத் தலைகீழாக நடந்தால் லெட் மைன் பாஸ் வரை 9.7 கி.மீ. முதல் பாதி தார் சாலையில் ஏற்றம், சுற்றிலும் புல்வெளி, இரண்டு பக்கமும் நகரம் தெரியும். உச்சியில் வானிலை ரேடார் நிலையம், வேலி போட்டிருப்பார்கள். சரியான உச்சிப்புள்ளியில் நிற்க முடியாது, அதற்காக ஏமாற வேண்டாம்.

லெட் மைன் பாஸிலிருந்து தெற்கே ஷிங் முன் நீர்த்தேக்கத்துக்கு இறங்குங்கள், சுமார் 5 கி.மீ., நல்ல காட்டு நிழல். அங்கே 82-ஆம் எண் மினிபஸ் கிளம்பும் இடம், சுன் வான் ஷியூ வோ தெருவுக்கு. பேருந்து கிளம்பும் இடத்திலேயே முடிகிறது, நீங்கள் பேசும் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான பாதை இல்லை.

#12 வரைபடம்

பாதை அருமை, ஆனால் கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. கிளம்பும் இடமாக இருந்தால் மட்டும் போதாது, என்ன வண்டி கிளம்புகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். 82 என்பது 19 பேர் வண்டி. ஞாயிறு மாலை ஷிங் முன்னில் பார்பிக்யூ கூட்டமும் குழந்தைகளோடு வந்த குடும்பங்களும் சேர்ந்து நிற்பார்கள். இரட்டை மாடிப் பேருந்து கிளம்பும் ஷெக் ஓவோடு இதை ஒப்பிட முடியாது.

#13 மேகமலை

நியாயம். ஆனால் ஷிங் முன்னில் ஒரு வசதி உண்டு, வரிசையைப் பார்த்தவுடன் சாலையிலேயே கீழே நடந்துவிடலாம். அரை மணி நேரம் இறக்கம், வோ யீ ஹொப் சாலை வந்துவிடும், நகரப் பேருந்துகள் வரிசையாக ஓடும் இடம். பாக் டாம் ஆவில் அப்படி நடந்துபோக ஊரே கிடையாது.

ஷிங் முன்னில் குரங்குகள் அதிகம். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தாலே சாப்பாடு என்று முடிவு செய்து பிடுங்கும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப் போடுங்கள். உணவு கொடுக்கவே கூடாது. 2024 ஆகஸ்டிலிருந்து அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம் ஹாங்காங் டாலர்.

குளிரும் பாருங்கள். உச்சியில் நகரத்தைவிட ஐந்தாறு டிகிரி குறையும், காற்று வேறு. 2016 ஜனவரி 24 அன்று நகரில் 3.1 டிகிரி பதிவானபோது தாய் மோ ஷானில் மைனஸ் 6. உறைபனி பார்க்கக் கிளம்பிப்போன கூட்டம் சாலையில் பனிக்கட்டி படிந்து இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டது, தீயணைப்புப் படை போய்த்தான் மீட்டது. நவம்பரில் அந்த நிலை வராது, ஆனால் காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலாடை ஒன்று பையில் இருக்கட்டும்.

#14 தென்காற்று

குறித்துக்கொண்டேன். அப்பாவுக்கு ஏற்றது எது? அப்புறம், அவசரம் என்றால் எப்படி அழைப்பது?

#15 படிக்கட்டு

அப்பாவுக்கு விக்டோரியா பீக் மேலே லுகார்ட் சாலை, ஹார்லெக் சாலை சுற்று. 3.5 கி.மீ., தளம் போட்டது, படியே இல்லை, சக்கர நாற்காலியே போகும். சென்ட்ரலிலிருந்து 15-ஆம் எண் பேருந்து நேராக மேலே போகிறது. ஞாயிறு அன்று டிராமுக்கு நிற்கும் வரிசையில் வயதானவரை நிறுத்தாதீர்கள். பேருந்தில் மேல்மாடியில் உட்கார்ந்தால் வளைவுகளில் தெரியும் காட்சியே தனி. லுகார்ட் சாலைப் பக்கமாகத் தொடங்குங்கள், துறைமுகக் காட்சி முதல் கால்மணி நேரத்திலேயே வந்துவிடும். அவருக்குக் களைத்தால் அங்கிருந்தே திரும்பினாலும் குறையில்லை.

#16 வரைபடம்

அவசரத்துக்கு 999. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது ஒன்று எட்டினால் 112 போகும். பெரிய பாதைகளில் 500 மீட்டருக்கு ஒரு தூரக்கம்பம் உண்டு. ஹாங்காங் பாதையில் எச்001 முதல் எச்100, மெக்லஹோஸில் எம்001 முதல் எம்200. கம்பத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் எண்ணைப் பார்த்துக்கொண்டே போங்கள். ‘கடற்கரைக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறோம்’ என்றால் மீட்புக் குழுவுக்குப் பயன் இல்லை. ‘எம்031-க்கும் எம்032-க்கும் நடுவில்’ என்றால் அந்த இடத்துக்கே வருவார்கள்.

கிளம்பும் காலையில் வானிலை ஆய்வகத்தின் செயலியைத் திறங்கள். மஞ்சள் மழை எச்சரிக்கை என்றால் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல், சிவப்பு 50, கறுப்பு 70. மஞ்சளுக்கே மலைப்பாதையை விட்டுவிடுவது நல்லது, ஓடைகள் நிமிடக் கணக்கில் பெருகும். புயல் எச்சரிக்கை 8-ஆம் எண் ஏறினால் பேருந்துகள் படிப்படியாக நிற்கும், படகுகள் நிற்கும், மலையில் இருந்தால் திரும்ப வண்டி இருக்காது. உங்கள் மாதத்தில் மழையைவிட வறட்சிதான் கவனிக்க வேண்டியது. சிவப்புத் தீ அபாய எச்சரிக்கை இருக்கும் நாளில் அடுப்பு பற்றவைக்கும் எண்ணமே வேண்டாம்.

#17 நீர்க்குடுவை

தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று. 5:40-க்குச் சூரியன் மறைந்தால் ஆறு மணிக்கெல்லாம் காட்டுக்குள் இருட்டிவிடும். கைப்பேசி விளக்கை நம்பினால், கீழே வந்து பேருந்து நேரம் பார்க்க பேட்டரி இருக்காது.

#18 தென்காற்று

முதல் ஞாயிறு டிராகன்ஸ் பேக், அடுத்து லான்டாவ், அதற்கடுத்து மெக்லஹோஸ் என்று வைத்திருக்கிறோம். நடுவில் ஒரு வார நாள் மாலை அப்பாவோடு பீக். மினிபஸ்ஸில் நிறுத்தச் சொல்ல மணி உண்டா?

#19 சாய்குங்வாசி

சில வண்டியில உண்டு, பல வண்டியில இல்லை. நிறுத்தம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ‘யாவ் லோக்’னு சத்தமா சொல்லுங்க, ஓட்டுநர் கையைத் தூக்கிக் காட்டுவார், அவர் காதுல விழுந்துடுச்சுன்னு அர்த்தம். பச்சை மினிபஸ்ல ஏறும்போதே ஆக்டோபஸ் தட்டணும். சிவப்பு மினிபஸ்ல பெரும்பாலும் இறங்கும்போது காசு, அதனால பத்து டாலர் நாணயம் நாலஞ்சு வச்சுக்கங்க. பெரிய பஸ்ல ரொக்கம் போட்டா மீதி தரமாட்டாங்க.

டோ டெய் வான் நிறுத்தத்துக்கு 9-ஆம் எண்ல மணி அடிக்கணும். ஞாயித்துக்கிழமை பாதி பஸ் அங்கதான் இறங்கும், கவலை இல்லை. மத்த நாள்னா கைப்பேசி வரைபடத்தைத் திறந்து வச்சுக்கிட்டே உக்காருங்க, ரோடு வளைஞ்சு வளைஞ்சு போறதுல நிறுத்தம் சட்டுனு வந்து போயிடும்.